வாசகர் கேள்வி – பதில்: கிணற்றடிக் குழியிலிருந்து வாவி வரை

வீட்டுக் கழிவுநீரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஆறு கடிதங்களை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த கடிதத்துக்குக் கூடுதலான இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கேட்டிருக்கும் பலவற்றுக்கு விடை அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: எங்கள் வளவு பதினொரு பேர்ச். பக்கத்து வீட்டாரின் மலசலகூடக் குழி எங்கள் கிணற்றிலிருந்து முப்பது அடிக்குள் இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மணமும் இல்லை. கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. பயப்பட ஏதும் உண்டா?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: உண்டு. நோய்க்கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மணலுக்குள்ளால் வடிந்து வரும் நீர் தன் கலங்கலையும் மணத்தையும் இழந்த பின்னரும் கிருமிகளைச் சுமந்து வரக்கூடும். ஆகவே தெளிவை வைத்து நாம் எதையும் முடிவு செய்ய முடியாது.

கல்லடியிலிருந்து கல்லாறு வரை ஒருபுறம் கடலும் மறுபுறம் மட்டக்களப்பு வாவியுமாக நீண்டு கிடக்கும் நமது எழுவான்கரை மணல் நிலம். மாரியில் பெய்யும் மழை அந்த மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. நமது கிணறுகள் நீர் எடுப்பது அந்தப் படையிலிருந்துதான். நமது குழிகள் நீரை விடுவதும் அதே படைக்குத்தான். அது நின்ற இடத்திலேயே நிற்பதுமில்லை. மெல்ல மெல்ல வாவிப் பக்கமும் கடற்பக்கமும் வடிந்துகொண்டே இருக்கிறது. கிணற்று நீர், வாவி நீர் என்று நாம் இரண்டாகப் பேசுவது பேச்சு வசதிக்காகத்தான்.

பல வீடுகளில் செப்டிக் தாங்கி என்று சொல்லப்படுவது உண்மையில் தாங்கியே அன்று. சீமெந்துக் கொட்டுகள் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு, மேலே மூடியிட்ட குழிதான் அது. முறையான தாங்கிக்கு அடியும் பக்கங்களும் நீர் கசியாதபடி பூசப்பட்டிருக்க வேண்டும். உள்ளே இரண்டு அறைகள் இருக்க வேண்டும். முதல் அறையில் கனமானவை அடியில் படியும், எண்ணெய்ப் பசையுள்ளவை மேலே ஆடைபோல் மிதக்கும், காற்றில்லாமல் வாழும் பற்றீரியாக்கள் அடியிற் படிந்ததைச் சிறிது சிறிதாகச் செரிக்கும், இடையிலுள்ள நீர் மட்டும் இரண்டாம் அறைக்கும் அங்கிருந்து உறிஞ்சு குழிக்கும் செல்லும். இப்படி எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், கழிவின் சேதனப் பொருளில், அதாவது அழுகக்கூடிய பொருளில், மூன்றிலொரு பங்கு முதல் அரைப் பங்கு வரையே தாங்கிக்குள் நீங்குகிறது; கிருமிகளில் பெரும்பாலானவை வெளியே போகும் நீரோடு போய்விடுகின்றன. மிச்ச வேலையைச் செய்வது உறிஞ்சு குழியின் கீழேயுள்ள உலர்ந்த மண். மண் துணிக்கைகளுக்கு இடையே காற்று இருக்கும்வரை அங்கே வாழும் நுண்ணுயிர்கள் வருகின்ற கழிவைத் தின்று முடிக்கின்றன, நோய்க்கிருமிகளும் அங்கே தடைப்பட்டு இறக்கின்றன. அதற்குக் குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே நான்கு அடியளவிலாவது உலர்ந்த மண் வேண்டும். மாரியில் நமது ஊர்களில் நீர்மட்டம் முற்றத்து மண்ணுக்குச் சற்றுக் கீழே வரை ஏறி வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்போது அந்த உலர்ந்த மண் எங்கே இருக்கும்? குழியும் கிணறும் நேரடியாகத் தொடுத்துக்கொள்கின்றன.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி இருக்க வேண்டும் என்பது நமது நாட்டில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. பதினொரு பேர்ச் காணியைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 55 அடிதான் வரும். அதற்குள் வீடும் கட்டி, கிணறும் வெட்டி, குழியும் அமைத்து, நான்கு பக்கத்து அயலவரின் குழிகளிலிருந்தும் 50 அடி விலகியிருப்பது கணக்குப்படியே இயலாத காரியம். இதை நான் சொல்வது உங்கள் அயலவர்மீது மட்டும் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம் என்பதற்காக. உங்கள் சொந்தக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதை அளந்து பாருங்கள்.

இப்போது குழந்தையைப் பற்றி. கொதிக்க வைத்தால் கிருமிகள் இறந்துவிடும். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். ஆனால், மலத்திலும் சிறுநீரிலும் உள்ள நைதரசன் முதலில் அமோனியாவாகி, காற்றுள்ள மண்ணில் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கு வருகிறது. கொதிப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதனால் சற்றுச் செறிவடையவே செய்யும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதனால் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாயக்கூடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை என்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. புட்டிப்பால் கரைப்பதாக இருந்தால், பரிசோதனை முடிவு வரும்வரை இந்தக் கிணற்று நீரைப் பயன்படுத்த வேண்டாம். குழாய் நீரை எடுத்துக் கொதிக்க வைத்துக் கரையுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ. கோலை பற்றீரியா, நைத்திரேற்று ஆகிய இரண்டையும் பார்க்கும்படி கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. மாரியில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் பார்ப்பது நல்லது.

கேள்வி: மாரி தொடங்கினால் எங்கள் குழி நிரம்பி முற்றத்தில் வழிகிறது. பவுசரைக் கூப்பிட்டு எடுப்பித்தாலும் இரண்டு நாளில் மறுபடியும் நிரம்பிவிடுகிறது. காசு வீணாகிறது. என்ன செய்யலாம்? எடுத்துப் போகிறவர்கள் அதை எங்கே ஊற்றுகிறார்கள் என்பதும் தெரியவில்லை.
– வாசகர் ஒருவர், காத்தான்குடி

பதில்: உங்கள் குழியை நிரப்புவது உங்கள் வீட்டுக் கழிவன்று, நிலத்தடி நீர். அடி திறந்த குழியை மாரியில் இறைப்பது கிணற்றை இறைப்பதற்குச் சமம். எடுத்த அளவு நீர் சுற்றுமணலிலிருந்து திரும்பவும் ஊறி வரும். அடி பூசிய நல்ல தாங்கியாக இருந்தாலும் நீர்மட்டம் உயர்ந்திருக்கும் வேளையில் முழுவதையும் உறிஞ்சி எடுப்பது ஆபத்தானது. வெறுமையான தாங்கியை நிலத்தடி நீர் கீழிருந்து தூக்கும், குழாய்கள் உடையும். எனவே ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், வாடைக் காற்று தொடங்குவதற்கு முன்பு, இந்த வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 40 லீற்றர் சேறு படியும் என்று கணக்கிட்டால், ஐந்து பேருள்ள வீட்டில் ஐந்து ஆண்டில் 1000 லீற்றர் சேரும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பித்தால் போதும். வழியத் தொடங்கிய பின்புதான் பவுசரைத் தேடுவது என்ற வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு முதலாவதைவிடப் பெரிதாகப் படுகிறது. குழியிலிருந்து எடுக்கும் சேறு, சாதாரணக் கழிவுநீரைவிடப் பன்மடங்கு செறிவானது. அதை இரவில் வெட்டவெளியிலோ கண்டல் ஓரத்திலோ திறந்துவிட்டால், ஊரெல்லாம் தாங்கி கட்டியதன் பயன் அந்த ஓரிடத்தில் அழிந்துபோகிறது. அதற்கு உரிய இடம் சேற்று உலர்த்து படுக்கைதான். அடியில் சரளைக் கல்லும் மேலே மணலும் பரப்பிய தொட்டியில் சேற்றை ஓரடி அளவுக்குள் ஊற்றினால், நீர் கீழே வடிந்துவிடும். அந்த நீரையும் தனியே சுத்திகரிக்க வேண்டும். மேலே எஞ்சியது நமது வெயிலில் சில வாரங்களில் காய்ந்து வெட்டி எடுக்கும் பதத்துக்கு வரும். காய்ந்தவுடன் அதைக் கீரைப் பாத்திக்குப் போட்டுவிடக் கூடாது; வட்டப்புழுவின் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நீண்ட காலம் அடுக்கி வைத்து மக்கவிட்ட பின் தென்னைக்கும் மரங்களுக்கும் இடலாம். இது பெரிய பொறியியலன்று; காணியும் மேற்பார்வையும்தான் வேண்டும். எந்த நகரமும் கழிவுநீருக்கென்று முதற்பணத்தைச் செலவிடுவதானால் இங்கேதான் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பவுசர் வரும்போது, எங்கே கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். பத்து வீடுகள் கேட்டால் ஊற்றும் இடம் மாறும்.

கேள்வி: 56 கிலோமீற்றர் நீளமான வாவியில் ஒரு சிறு நகரத்தின் வடிகான் நீர் கலந்தால் என்ன ஆகிவிடும்? மாரியில் முகத்துவாரத்தை வெட்டினால் எல்லாம் கடலுக்குப் போய்விடுமே. சுத்திகரிப்பு நிலையம்தான் வேண்டுமென்றால் எங்களைப் போன்ற இடத்துக்கு எது பொருத்தமானது?
– ஆசிரியர் ஒருவர், ஏறாவூர்

பதில்: வாவி நீளமானதுதான், ஆனால் ஆழமற்றது. அதற்குப் பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடல்வாய்கள் இருந்தாலும், கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் நீர் போக வழியின்றி நிற்கிறது. வடிகான் நீர் மாரிக்கு மட்டும் வருவதன்று. கோடையிலும் ஒவ்வொரு நாளும் வருகிறது. தேங்கி நிற்கும் மாதங்களிலேயே அது அதிகம் கெடுதி செய்கிறது.

நீங்கள் ஆசிரியராக இருப்பதால் கணக்காகவே சொல்கிறேன், மாணவர்களுக்கும் கொடுக்கலாம். கழிவிலுள்ள சேதனப் பொருளை நுண்ணுயிர்கள் தின்னும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைப் பயன்படுத்துகின்றன. ஐந்து நாளில் அவை எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்தும் என்ற அளவையே உயிரியல் ஒட்சிசன் தேவை என்கிறோம். வீட்டுக் கழிவுநீரில் இது லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நமது வெப்பநிலையில் சுத்தமான நன்னீரிலேயே லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் அளவு ஒட்சிசன்தான் கரைந்திருக்கும். உவர்நீரில் அதைவிடவும் குறைவு. ஆகவே ஒரு லீற்றர் கழிவுநீர், 40 லீற்றர் நல்ல நீரிலுள்ள ஒட்சிசன் முழுவதையும் கேட்கிறது. பத்தாயிரம் பேருள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் கழிவுநீர் என்றால், மொத்தம் பத்து இலட்சம் லீற்றர்; அது கேட்பது நான்கு கோடி லீற்றர் நீரின் ஒட்சிசனை. ஒன்றரை மீற்றர் ஆழமான வாவியில் அது ஏறக்குறைய ஆறரை ஏக்கர் பரப்பு. காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் ஒட்சிசன் மீண்டும் சேர்வது உண்மைதான். ஆனால் மேகமூட்டமான, காற்றில்லாத இரவின் விடியற்காலையில் அந்த வரவு போதாமல் போகும். ஒட்சிசன் லீற்றருக்கு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும், பிறகு செத்து மிதக்கும். இறாலும், மணலை, ஓரா போன்ற மீன்களும் வாவிக்குள் வளர்ந்துதான் நமது சட்டிக்கு வருகின்றன.

இனி நிலையத்தைப் பற்றி. எந்த நிலையமும் ஆற்றிலோ குளத்திலோ இயற்கையாக நடக்கும் வேலையைக் குறுகிய இடத்தில், கட்டுப்பாட்டுடன் செய்விப்பதுதான். முதலில் கம்பித் தட்டியில் துணியும் பிளாஸ்திக்கும் தடுக்கப்படும், மணல் படியவிடப்படும், பிறகு நீர் மெதுவாக நகரும் தொட்டியில் கனமானவை அடியில் படியும். அதன்பின் நுண்ணுயிர்களுக்கு ஒட்சிசன் கொடுத்துக் கரைந்திருக்கும் கழிவைத் தின்னவிட வேண்டும். அந்த ஒட்சிசன் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன. மின்சார ஊதியால் காற்றைச் செலுத்தும் முறைக்கு இடம் குறைவாகத் தேவை, ஆனால் இரவும் பகலும் மின்சாரமும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். ஒரு நிறுவனத்தின் வளவில் அப்படி அமைந்த நிலையமொன்றை நான் பார்க்கச் சென்றபோது, மின்கட்டணத்துக்காக ஊதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே போன நீரும் வெளியே வந்த நீரும் ஒரே நிறத்தில் இருந்தன. அதைப் பார்த்த நாளிலிருந்து, ஒரு சிறு நகரம் எதைக் கட்டலாம் என்று என்னிடம் கேட்பவர்களிடம், எதை இருபது ஆண்டுகள் தளராமல் நடத்த முடியும் என்றே திருப்பிக் கேட்டு வருகிறேன்.

இன்னொரு முறை, அடுத்தடுத்த குளங்கள். ஆழமான முதற்குளத்தில் கழிவு படிந்து காற்றின்றிச் செரிக்கும். ஆழம் குறைந்த அடுத்த குளங்களில் பாசி வெயிலைக் கொண்டு ஒட்சிசனை உண்டாக்கும், வெயிலே கிருமிகளையும் கொல்லும். நமது வெப்ப நாட்டுக்கு மிகவும் ஏற்றது. ஒருவருக்கு இரண்டு முதல் மூன்று சதுரமீற்றர் நிலம் வேண்டும். பத்தாயிரம் பேருக்கு ஏறக்குறைய ஆறு ஏக்கர். ஆறு ஏக்கருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். முன்னே செய்த கணக்கைத் திரும்பப் பாருங்கள்: சுத்திகரிப்புக் குளம் கட்டாத நகரம், ஏறக்குறைய அதே பரப்பை ஒவ்வொரு நாளும் வாவியிலிருந்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, கரையும் வேலியும் இல்லாமல். இடம் இன்னும் குறைவாக இருந்தால், சரளைப் படுக்கையில் சம்புப் புல்லையும் கல்வாழையையும் நட்டு, அதனூடே நீரைச் செலுத்தும் முறை பள்ளிக்கூடம், சந்தை, சிறு குடியிருப்பு போன்ற இடங்களுக்குப் பொருந்தும்.

குழாய்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும். தட்டையான மணல் நிலத்தில் சரிவு கொடுக்கக் கொடுக்கக் குழி ஆழமாகும், தோண்டத் தோண்ட நீர் ஊறும், இடையிடையே பம்பி நிலையங்கள் வேண்டும். செலவின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. ஒவ்வொரு வீட்டிலும் அடி பூசிய தாங்கியை வைத்து, கனமானவற்றை அங்கேயே நிறுத்திக்கொண்டு, தெளிந்த நீரை மட்டும் ஆழமற்ற சிறு குழாய்களால் கொண்டுசெல்லும் முறை எழுவான்கரை போன்ற நிலத்துக்கு மிகவும் பொருத்தமானது என்று கருதுகிறேன். எந்த முறையானாலும், உள்நாட்டு மேற்பரப்பு நீரில் விடப்படும் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இலங்கைச் சட்டம். 300 இலிருந்து 30க்கு இறக்குவதென்றால் பத்தில் ஒன்பது பங்கை நீக்க வேண்டும். செப்டிக் தாங்கி மட்டும் அதைச் செய்யாது.

கேள்வி: கிட்டங்கியில் ஆற்றுவாழை மண்டி ஒவ்வொரு வருடமும் வழியை அடைக்கிறது. ஆற்றுவாழை அழுக்கு நீரைச் சுத்தமாக்கும் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் அதை ஏன் அகற்ற வேண்டும்?
– வாசகர் ஒருவர், நாவிதன்வெளி

பதில்: அவர் சொன்னதில் பாதி சரி. ஆற்றுவாழை நீரிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் உறிஞ்சித்தான் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது. இரண்டு வாரத்துக்குள் இரு மடங்காகக்கூடிய செடி அது. ஆனால் உறிஞ்சியது செடிக்குள்ளேயே இருக்கிறது. செடியைக் கரையேற்றி அப்புறப்படுத்தினால் மட்டுமே நீர் சுத்தமாகும். விட்டுவைத்தால், அது மடிந்து அழுகும்போது எடுத்தது அத்தனையும் நீருக்கே திரும்பும், ஒட்சிசனும் அதோடு குறையும். கடல்வாய் திறந்து உவர் ஏறும்போது இது ஒரேயடியாக நடக்கிறது, ஏனெனில் ஆற்றுவாழை உப்பைத் தாங்காது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியை அடக்குவதற்கு இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அது அடங்காமைக்குக் காரணம், நாம் செடியைப் பிடுங்குகிறோம், அதன் உணவை நிறுத்தவில்லை. வயல் வட்டைகளிலிருந்து வடியும் பசளை நீரும், ஊர்களிலிருந்து வரும் கழிவுநீரும்தான் அந்த உணவு. பிடுங்கியதை ஆற்றங்கரையிலேயே குவித்துவிட்டுப் போகாமல், தூரமாக எடுத்துச் சென்று மாட்டெருவோடு கலந்து மக்கவிட்டால் நல்ல பசளையாகும்.

கேள்வி: நான் சிறிய அரிசி ஆலை நடத்துகிறேன். நெல் ஊறவைத்த நீரை வாய்க்காலுக்கு விடுகிறேன். நஞ்சு எதுவும் சேர்ப்பதில்லை, வெறும் நெல்லூறிய நீர்தான். அதுவும் தவறா?
– வாசகர் ஒருவர், சம்மாந்துறை

பதில்: மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நஞ்சு இல்லாமலே நீர் கெடும். நெல்லிலிருந்து கரைந்த மாப்பொருள் நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவு. அவை பெருகி வாய்க்கால் நீரின் ஒட்சிசனைத் தீர்த்துவிடும். புளித்த நாற்றம் வருவது அதனால்தான். காற்றில்லாமல் செரிக்கவைக்கும் மூடிய தொட்டியும் அதையடுத்து ஒரு தாவரப் படுக்கையும் சிறு ஆலைக்குப் பெரும்பாலும் போதுமானவை. தொட்டியில் உண்டாகும் வாயுவை அடுப்புக்கு எடுக்கலாம். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உங்களிடம் இல்லையென்றால், பிரதேச சபையிலோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலோ சென்று கேளுங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அது தேவைப்படும்.

கேள்வி: சமையலறை நீரையும் உடுப்புக் கழுவும் நீரையும் வீதி வடிகானுக்கு விடலாமா? எல்லா வீட்டாரும் அப்படித்தான் விடுகிறார்கள்.
– வாசகி ஒருவர், ஆரையம்பதி

பதில்: விட வேண்டாம். வீதி வடிகான் மழைநீருக்காக வெட்டப்பட்டது; அது சுத்திகரிப்பு எதையும் காணாமல் வாவிக்குப் போகிறது. வீட்டுக் கழிவுநீரில் பெரும்பங்கு சமையலறையிலும் குளிக்குமிடத்திலும் இருந்து வருவதே. அதை மலசலகூடத் தாங்கிக்கு விட்டாலும் தாங்கி விரைவில் தளரும். சமையலறைக் குழாயின் முடிவில் எண்ணெய்ப் பசை மிதந்து நிற்கும்படி ஒரு சிறு தொட்டி வைத்து, வாரத்துக்கொரு முறை அந்த ஆடையை வழித்தெடுங்கள். அதன்பின் நீரை நிலத்துக்கு மேலே தேங்கவிடாமல், உடைந்த ஓடும் சரளையும் நிரப்பிய ஆழமற்ற கானுக்குள் விட்டு, அதன் இருபுறமும் வாழையோ கல்வாழையோ நடுங்கள். நீர் வெளியே தெரியாததால் நுளம்பும் பெருகாது. வளவுக்குள் கிணற்றிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு தூரத்தில், நிலம் கிணற்றுப் பக்கம் சரியாத மூலையில், அந்தக் கானை வெட்டுங்கள்.